கார்டு கொடுத்தால்தான் ஸ்டம்ப்

விளையாட்டு அறையில் தமிழ்செல்வன் கற்ற முதல் பாடத்தை இருளாண்டி சார் ஸ்கிப்பிங் கயிற்றால் கற்றுக்கொடுத்தார். அது வேலைக்குச் சேர்ந்த நான்காம் நாள். பொருளாதாரப் பிரிவுப் பையன் ஒருவன் பல்லைக் காட்டிக் கேட்டான் என்று, கார்டு வாங்காமல் ஒரு ஷட்டில் பேட்டைக் கொடுத்துவிட்டான். பேட்டும் திரும்பவில்லை, பையனும் திரும்பவில்லை. உடற்பயிற்சி ஆசிரியர் இருளாண்டி சார் அதற்காக ஒரு வார்த்தை திட்டவில்லை. மூலையில் கிடந்த கயிற்றை எடுத்து இரண்டாக மடித்து, முதுகில் ஆறு இழுப்பு இழுத்தார். பிறகு கயிற்றைச் சுருட்டி அதே மூலையில் வைத்தார்.

"கார்டு இல்லாம இந்த ரூம விட்டு ஒரு பந்து வெளிய போச்சுன்னா, ஒன் தோலும் கூடவே போகும். வெளங்குதா?"

நன்றாகவே விளங்கியது. அதற்குப் பிறகு முதல்வரின் மகனே வந்து கேட்டாலும் தமிழ்செல்வன் கார்டு கேட்டான். முறை இதுதான். கழுத்தில் தொங்கும் கல்லூரி அடையாள அட்டையைக் கழற்றிக் கதவோரம் அடித்திருக்கும் ஆணிகளில் ஒன்றில் மாட்ட வேண்டும். வேண்டிய சாமானை எடுத்துக்கொண்டு போகலாம். சாமான் திரும்பி வந்தால் கார்டு திரும்பிப் போகும். வருடக்கணக்கில் பழகிய பையன்களுக்கு அந்த வாசலை மிதித்தாலே கை தானாகக் கழுத்துக்குப் போகும்.

அன்னவாசலிலிருந்து விராலிமலை போகும் ரோட்டில், தைலமரக் காட்டுக்கு நடுவில் இருந்தது அந்தக் கல்லூரி. வசதியில்லாத பிள்ளைகளுக்கு அங்கே ஒரு திட்டம் உண்டு. வகுப்புக்கு முன்னேயும் பின்னேயும் கல்லூரிக்குள்ளேயே வேலை பார்த்தால் விடுதியில் தங்கலாம், சாப்பிடலாம். நூலகத்தில் இரண்டு பேர், மெஸ்ஸில் ஐந்து பேர், கேட்டில் ஒருவன், விளையாட்டு அறைச் சாவியோடு தமிழ்செல்வன். ஆண்டு விழாவில் முதல்வர் மைக்கைப் பிடித்து, "எங்கள் மாணவர்கள் உழைத்துக்கொண்டே பொறுப்பைக் கற்றுக்கொள்கிறார்கள்" என்று பேசுவார். பெரியவர்கள் கை தட்டுவார்கள். பொறுப்பைக் கற்றுக்கொண்ட பிள்ளைகள் அந்த நேரத்தில் பந்தலுக்குப் பின்னால் டீ ஊற்றிக்கொண்டிருப்பார்கள்.

கேட்டில் நின்றவன் அருள்தாஸ். விராலிமலைக்குத் தெற்கே ஏதோ ஒரு குக்கிராமம் அவனுக்கு. வேலை பார்க்கும் பையன்கள், மற்ற எல்லாரும் சாப்பிட்டு முடித்த பிறகுதான் சாப்பிட முடியும் என்பதால், ஒன்றரை வருடமாக அவனும் தமிழ்செல்வனும் மெஸ்ஸின் கடைசி பெஞ்சில் எதிரெதிரே உட்கார்ந்து அடிச்சட்டிக் குழம்பை வழித்துச் சாப்பிட்டவர்கள். அருள்தாஸுக்குப் போலீஸ் ஆக வேண்டும். விடிவதற்கு முன்னால் எழுந்து மைதானத்தை நான்கு சுற்று ஓடுவான். ஓடி முடித்து, "அஞ்சு நிமிசம் நாப்பது செகண்டு மாப்ள" என்று மூச்சு வாங்கச் சொல்லும்போது அவன் முகத்தைப் பார்க்க வேண்டும். காக்கிச் சட்டையை அப்போதே போட்டுவிட்டவன் மாதிரி இருப்பான். கேட் வேலையைக்கூட அவன் அப்படித்தான் பார்த்தான். கார்டு இல்லாதவனை உள்ளே விடமாட்டான்.

வினை அங்கேதான் பிடித்தது.

செவ்வாய்க்கிழமை காலை சந்தோஷ்குமார் பைக்கில் வந்தான். மூன்றாம் ஆண்டு. கழுத்தில் கார்டு இல்லை. கார்டு எங்கே என்று அருள்தாஸ் கேட்டதற்கு, "தள்ளுடா" என்று பைக்கை முறுக்கினான். அருள்தாஸ் குனிந்து பைக் சாவியை உருவிக்கொண்டான். சரியாக அந்த நேரம் பார்த்துப் பெண்கள் பஸ் பின்னால் வந்து நின்றது. ஜன்னல் ஜன்னலாகத் தலைகள். யாரோ ஒருத்தி சிரித்தாள். ஒருத்தி சிரித்தால் பஸ்ஸே சிரிக்கும்.

சந்தோஷ்குமார் இறங்கி அருள்தாஸின் கன்னத்தில் ஓங்கி அறைந்தான். அருள்தாஸ் அசையவில்லை.

"கார்டு எடுத்துட்டு வாங்கண்ணே. சாவி தாரேன்."

"என்னைய நிப்பாட்டுற ஆளாடா நீ? எங்க ஊருப் பக்கம் வந்து ஒங்க ஆளுக எங்கன நிப்பாங்கன்னு பாத்திருக்கியா?"

அந்தப் பேச்சுக்கு என்ன அர்த்தம் என்று கேட்டில் நின்ற அத்தனை பேருக்கும் தெரியும். அருள்தாஸுக்கும் தெரியும். அவன் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு அடுத்தவனின் கார்டைப் பார்த்தான். சந்தோஷ்குமார் ஷேர் ஆட்டோ பிடித்து அன்னவாசலில் இருந்த தன் அறைக்குப் போய், கார்டைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு திரும்பி வந்துதான் பைக்கை எடுத்தான்.

இந்தச் சந்தோஷ்குமார் வேறு யாருமில்லை, தமிழ்செல்வனின் பெரியப்பா மகன். கீரமங்கலத்துக்குப் பக்கத்தில் இருவரின் வீட்டுக்கும் ஒரே கொல்லை. பெரியப்பா சிங்கப்பூரில் இருந்ததால் அந்த வீடு மாடியாக நின்றது, இந்த வீடு ஓடாகவே இருந்தது. தமிழ்செல்வனை இந்தக் கல்லூரியில் சேர்க்கக் கூட வந்து நின்றதும் சந்தோஷ்குமார்தான்.

அன்று சாயங்காலம் நான்கு மணிக்கு அவன் ஐந்து பேரைக் கூட்டிக்கொண்டு விளையாட்டு அறை வாசலுக்கு வந்தான். ஆறு பேர் கண்ணும் சிவந்திருந்தது.

"தமிழு, ஸ்டம்ப் நாலு எடு. ஹாக்கி ஸ்டிக் ரெண்டு."

தமிழ்செல்வன் எழுந்தான். பேட் கேட்கவில்லை, பந்து கேட்கவில்லை. எதற்கு என்று அவன் கேட்கவும் இல்லை. காலையில் நடந்ததை மெஸ்ஸில் நூறு பேர் சொல்லிவிட்டார்கள். ஆனாலும் வாய் மட்டும் பழக்கத்தில் பேசிவிட்டது.

"கார்டு?"

கேட்டபின் அவனுக்கே திக்கென்றது. ஆனால் வேடிக்கையைக் கேளுங்கள், ஒருவன்கூட அதை வேடிக்கையாக நினைக்கவில்லை. ஆறு கைகளும் கழுத்துக்குப் போயின. ஆறு கார்டுகளும் ஆறு ஆணிகளில் தொங்கின. ஒருவனை அடித்து நொறுக்கப் போகிறவர்கள், போட்டோவும் பெயரும் வகுப்பும் போட்டுச் சாட்சி வைத்துவிட்டுப் போனார்கள். மூன்று வருடப் படிப்பில் அவர்களுக்கு ஒழுங்காக மண்டையில் ஏறியது அது ஒன்றுதான் போலிருக்கிறது.

"இங்கனயே இரு, அங்கிட்டு வராத" என்று தமிழ்செல்வனின் தோளைத் தட்டிவிட்டுச் சந்தோஷ்குமார் போனான்.

அருள்தாஸின் கேட் வேலை நான்கரைக்கு முடியும். கடைசி பஸ் போனதும் தைலமரங்களுக்கு நடுவே உள்ள ஒற்றையடிப் பாதையில் விடுதிக்கு நடந்து வருவான். தமிழ்செல்வனுக்கு அது தெரியும். முழுசாக அரை மணி நேரம் இருந்தது. கேட்டுக்கு ஓடினால் மூன்று நிமிடம். போனில் கூப்பிட்டால் அதுவும் வேண்டாம். அவன் உட்கார்ந்து டப்பாவில் கிடந்த ஷட்டில் காக்குகளை நல்லது, கெட்டது என்று பிரித்துக்கொண்டிருந்தான். அண்ணன் ரெண்டு தட்டுத் தட்டிவிட்டு விட்டுவிடுவான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். பொய். பயம்தான் அவனைக் கட்டிப் போட்டது. அண்ணன் மேல் பயம், ஊர் மேல் பயம், இந்த இடத்தை விட்டால் படிப்புப் போய்விடுமே என்ற பயம்.

நான்கு முப்பத்தைந்துக்கு முதல் அலறல் கேட்டது.

அப்போதுதான் ஓடினான். ஓடி என்ன செய்ய?

அருள்தாஸின் தலையில் ஒரு ஈரத் துண்டைப் போட்டுக் கழுத்தில் முறுக்கிப் பிடித்திருந்தான் ஒருவன். மற்றவர்கள் முகத்தில் கைக்குட்டை. ஹாக்கி ஸ்டிக் முழங்காலில் இறங்கியபோது பச்சை மட்டையை ஒடித்த சத்தம் வந்தது. அவன் விழுந்தான். விழுந்தவன் முகத்தின் மேல், துண்டோடு சேர்த்து, ஸ்டம்பின் கூர்முனை இறங்கியது. ஒரு தடவை, இன்னொரு தடவை. துண்டு சிவந்து முகத்தோடு ஒட்டிக்கொண்டது. அலறல் நின்றுபோய்க் குடத்துத் தண்ணீர் கொப்பளிப்பது மாதிரி ஒரு சத்தம் மட்டும் வந்தது. அடித்தவர்கள் நிறுத்தவில்லை. யார் அடிக்கிறோம், யாரை அடிக்கிறோம் என்பதெல்லாம் போய்விட்டது. முறை போட்டு நெல் அடிக்கிறவர்கள்போல அடித்தார்கள்.

"அண்ணே! செத்துருவாண்ணே! விடுண்ணே!"

தமிழ்செல்வன் நடுவில் பாய்ந்தான். தோளில் ஒரு ஸ்டம்ப் விழுந்து கை மரத்துப்போனது. அவன் அருள்தாஸின் மேல் குப்புற விழுந்து மூடிக்கொண்டான். முதுகில் இரண்டு அடி விழுந்தது. பிறகு யாரோ "டேய், அது நம்ம தமிழுடா" என்றான். அதோடு நின்றது. ஆறு பேரும் கட்டைகளை அங்கேயே போட்டுவிட்டுக் காம்பவுண்டுச் சுவர் ஏறிக் குதித்தார்கள்.

துண்டை விலக்கினான். இடது கண் இருந்த இடம் வீங்கி மூடியிருந்தது. தாடை ஒரு பக்கமாய்த் தொங்கியது. வலது கால் முழங்காலுக்குக் கீழே திரும்பக்கூடாத பக்கம் திரும்பிக் கிடந்தது. ஐந்து நிமிடம் நாற்பது செகண்டு ஓடிய கால். தமிழ்செல்வன் அதைப் பார்த்துவிட்டு மரத்தடியில் வாந்தி எடுத்தான்.

ஆம்புலன்ஸ் வந்து அருள்தாஸைப் புதுக்கோட்டைக்குக் கொண்டுபோனதும் அவன் நேரே விளையாட்டு அறைக்கு வந்தான். ஆறு கார்டுகளும் ஆணியில் அசையாமல் தொங்கின. கழற்றிப் பனியனுக்குள் போட்டு, அரைஞாண் கயிற்றில் செருகிக்கொண்டான். ஏன் அப்படிச் செய்தான் என்று அந்த நேரத்தில் கேட்டிருந்தால் அவனுக்குச் சொல்லத் தெரிந்திருக்காது.

வெளியே குழாயடியில் தண்ணீர்ச் சத்தம். எட்டிப் பார்த்தான். இருளாண்டி சார் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு ஸ்டம்புகளைத் தேங்காய் நார் போட்டுத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தார். காலடியில் ஓடிய தண்ணீர் செம்மண்ணில் இன்னும் சிவப்பாக ஓடியது.

"எட்டிப் பாக்காத. இங்க வா" என்றார். "வெளியாளுக சுவரு ஏறி வந்து அடிச்சுட்டு ஓடிட்டானுங்க. பிரின்சிபால் அப்படித்தான் கம்ப்ளெய்ண்டு எழுதிருக்காரு. நம்ம ரூமு சாமான் ஒண்ணும் வெளிய போகல. கார்டெல்லாம் எங்க?"

"அவங்களே எடுத்துட்டுப் போயிட்டாங்க சார்."

சார் அவனை ஒரு நிமிடம் பார்த்தார். பிறகு பளாரென்று அறைந்தார். 

ராத்திரி அம்மா மீனம்மாள் போன் பண்ணினாள். பின்னால் பெரியம்மாவின் அழுகை கேட்டது.

"ஏய்யா, அண்ணன் ஏதோ புத்தி கெட்டுப் போயிப் பண்ணிட்டானாம்ல. நீ ஒண்ணும் வாயத் தொறந்துராதய்யா. நாளைக்கு ஒரு நல்லது கெட்டதுன்னா அவுகதான் நமக்கு. கேக்குதா?"

"கேக்குதும்மா" என்றான். "அவனுக்குப் பேச்சு வரலம்மா. கண்ணு ஒண்ணு போயிருச்சும்மா."

 "சாப்டியா?" என்று மட்டும் கேட்டாள் அம்மா. அவனுக்கு அழுகை பீறிட்டு வந்தது. போனை அணைத்துவிட்டான்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு அவன் அறையைத் திறந்தபோது சந்தோஷ்குமார் இரண்டு பேரோடு வந்து கதவை உள்ளே தாழ் போட்டான். இருளாண்டி சாரிடம் கார்டு கேட்டிருக்கிறார்கள். நீங்கதானேடா எடுத்துட்டுப் போனீங்க என்று அவர் சொல்லியிருக்கிறார். எடுக்காதவர்களுக்கு, எடுத்தது யார் என்று தெரிந்துவிட்டது.

"பிரின்சிபால் ரூம்ல எஸ்ஐ வந்து உக்காந்திருக்கு. கார்டு இல்லாம வெளிய நடமாட முடியாது. குடுத்துருடா தமிழு."

"இல்லண்ணே."

"இல்லையா, குடுக்க மாட்டியா?"

"குடுக்க மாட்டேன்."

முதல் குத்து வாயில் விழுந்தது. பல் ஒன்று நாக்கில் உருண்டது. கீழே தள்ளி இடுப்பில் மிதித்தார்கள். அவன் வயிற்றை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டு சுருண்டான். அதைப் பார்த்ததுமே சந்தோஷ்குமாருக்குக் கார்டு இருக்கும் இடம் புரிந்தது. "கையப் பிரிங்கடா" என்றான். இரண்டு பேரும் அவன் வலது கையை இழுத்து மேசைக்கால் பக்கம் தரையில் விரித்துப் பிடித்தார்கள். சந்தோஷ்குமார் ஐந்து கிலோ டம்பெல்லை எடுத்தான்.

"கடைசியாக் கேக்குறேன். ஒங்கப்பன் செத்தப்ப சிங்கப்பூர்லருந்து ஓடி வந்து பாடையத் தூக்குனது எங்கப்பன்டா. அவனுக்காகவா எங்களக் காட்டிக் குடுக்கப் போற? அவன் யாருடா ஒனக்கு?"

தமிழ்செல்வன் இடது கையால் வயிற்றை இன்னும் இறுக்கிக்கொண்டான். டம்பெல் விரல்கள் மேல் விழுந்தது.

அவன் போட்ட கூச்சலில் பிடித்திருந்தவனே பயந்து பிடியை விட்டான். அந்த ஒரு நொடி போதும். காலை நீட்டி இரும்பு அலமாரியை உதைத்தான். அதன் துருப்பிடித்த கால் மடங்கி அலமாரி சாய்ந்தது. மேல் தட்டில் இருந்த ஷாட்புட் குண்டுகள் ஒவ்வொன்றாய் உருண்டு விழுந்தன. ஒன்று ஒருவனின் பாதத்தில் விழுந்து எலும்பை நொறுக்கியது. அவன் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். இன்னொருவன் கதவைத் திறந்துகொண்டு முதல் ஆளாய் ஓடினான். தமிழ்செல்வன் இடது கையில் கிடைத்த டென்னிகாய்ட் வலைக் கம்பத்தைச் சந்தோஷ்குமாரின் முகத்தில் வீசினான். நெற்றி பிளந்து அவன் கண்ணில் ரத்தம் இறங்கியது. தான் அண்ணனை அடித்துவிட்டோம் என்று நினைக்கக்கூட நேரமில்லை. மைதானத்தின் குறுக்கே ஓடினான்.

முதல்வர் அறையில் சப்-இன்ஸ்பெக்டர் அருணா டீ குடித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் இருளாண்டி சார் நின்றார். 'அடையாளம் தெரியாத வெளியாட்கள் ஆறு பேர்' என்று எழுதிய காகிதம் மேசையில் இருந்தது. வாயில் ரத்தம் ஒழுக உள்ளே வந்தவன் பனியனுக்குள் கையை விட்டு, கார்டுகளை அந்தக் காகிதத்தின் மேல் போட்டான். ஆறு முகங்கள், ஆறு பெயர்கள். ஒன்றிரண்டில் அவன் ரத்தம்.

"வெளியாளுக இல்லைங்க மேடம். இவங்கதான். ஸ்டம்பு வாங்கறதுக்கு மாட்டுன கார்டு."

முதல்வரின் முகம் வெளுத்தது. இருளாண்டி சார் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அருணா டீயை வைத்துவிட்டு ஒவ்வொரு கார்டாகப் படித்தார். படித்து முடித்ததும் வாசலில் நின்ற கான்ஸ்டபிளைப் பார்த்துத் தலையசைத்தார். அவர் கேட் பக்கம் ஓடினார்.

"ஸ்டம்பு குடுத்தது யாரு?"

"நாந்தாங்க."

முதல்வருக்கு அதற்குள் சுதாரிப்பு வந்துவிட்டது. குரலில் தேன் வடிந்தது. "விளையாடக் கேக்குறாங்கன்னு நெனச்சுக் குடுத்திருப்பான் மேடம். ஏழைப் பையன், நல்ல பையன். அப்படித்தானேப்பா?"

தலையை ஆட்டினால் போதும். சாட்சியாகிவிடலாம். படிப்பு மிஞ்சும், விடுதிச் சோறு மிஞ்சும். கல்லூரிப் பெயரும் பாதி மிஞ்சும் என்பதால் முதல்வரே கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார்.

"அடிக்கத்தான் வாங்குறாங்கன்னு ஒனக்குத் தெரியுமா, தெரியாதா?" என்று கேட்டார் அருணா.

"தெரியும்ங்க."

"தம்பி, யோசிச்சுச் சொல்லு. தெரியும்னு நீ சொன்னா நான் அப்படித்தான் எழுதுவேன். ஆறு பேரோட ஏழாவதா ஒன் பேரும் வரும்."

"தெரியும்ங்க மேடம். அரை மணி நேரம் இருந்துச்சு. அவன் வர்ற பாதையும் தெரியும். நான் போகல."

அருணா பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு அவனையே பார்த்தார். பிறகு எழுதினார். இருளாண்டி சார் மெதுவாக, "பைத்தியக்காரா" என்றார். திட்டுகிற குரல் இல்லை அது. அவர் கண் கலங்கியிருந்தது.

சந்தோஷ்குமாரைக் கேட்டிலேயே பிடித்துவிட்டார்கள். நெற்றிக் கட்டோடு அவனை ஜீப்பின் பின்னால் ஏற்றியிருந்தார்கள். தமிழ்செல்வனையும் அதே ஜீப்பில் எதிரே உட்கார வைத்தார்கள். நசுங்கிய விரல்களில் யாரோ கைக்குட்டையைச் சுற்றிவிட்டிருந்தார்கள். வண்டி கிளம்பி ரோட்டுக்கு வந்த பிறகுதான் சந்தோஷ்குமார் வாயைத் திறந்தான்.

"எங்களக் காட்டிக் குடுத்த. சரி, ஒண்ணா உக்காந்து தின்னவன், அவனுக்காகப் பண்ணிட்ட. ஒன் பேர எதுக்குடா சொன்ன? தெரியாதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா விட்டுருப்பாங்களேடா. கிறுக்காடா ஒனக்கு?"

வீங்கிய உதட்டோடு பேசுவது கஷ்டமாக இருந்தது. தமிழ்செல்வன் ரத்தத்தை விழுங்கிவிட்டுச் சொன்னான்.

"ரூம் சாவி எங்கிட்டதானண்ணே இருந்துச்சு."